புட்டி பிளேட்டுகளை எதில் வைத்துச் சுமப்பது? ஜிப்சம் பூச்சு வேலைக்கான நான்கு தாங்கிகள்: ஓர் ஒப்பீடு

திருகோணமலையில் ஜிப்சம் போர்ட் சீலிங்கும் தடுப்புச் சுவரும் பொருத்தப்படும் இடங்கள் பெருகியிருப்பதால், போர்டுகள் சேரும் மூட்டுகளுக்குப் புட்டி (இடைவெளியை நிரப்பும் பசைபோன்ற பூச்சுக் கலவை) பூசி மட்டப்படுத்தும் வேலையில் புதிதாக இறங்குகிற இளைஞர்களும் பெருகியிருக்கிறார்கள். அவர்களில் இருவர் ஒரே கிழமையில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டனர். ஒருவர் மூதூரிலிருந்து பேருந்தில் வந்து, வீடுகளிலும் கடைகளிலும் வெடிப்பு அடைக்கும் சிறு வேலைகளைச் செய்பவர். மற்றவர் நிலாவெளிப் பக்கத்து விடுதிகளில் நாள் முழுவதும் சாரத்தின் மேல் நின்று சீலிங் பூசுபவர். "அண்ணை, சாமான்களை வைத்துக்கொள்ள எதை வாங்கலாம்?" என்பதுதான் இருவரின் கேள்வியும். என்னால் இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு பதில்களையும், அவற்றுக்கான காரணங்களையும், இதே இடத்தில் தயங்கி நிற்கும் பிறருக்கும் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

எவற்றைச் சுமக்கிறோம்?

மூட்டுப் பூச்சு வேலை பெரும்பாலும் மூன்று தடவையாக நடக்கிறது. முதல் தடவையில் 6 அங்குல பிளேட்டால் (புட்டியை இழுத்துப் பூசும், கைபிடி வைத்த தகடு; அங்குலக் கணக்கு அதன் அகலம்) புட்டி இட்டு, அதன் மேல் காகித டேப்பை அழுத்துகிறோம். இரண்டாம் தடவையில் 8 அல்லது 10 அங்குல பிளேட்டால் அகலப்படுத்துகிறோம். மூன்றாம் தடவையில் 12 அங்குல பிளேட்டால் ஓரங்களைக் கரைத்து, போர்டோடு மட்டமாக்குகிறோம். இவற்றோடு மூலை பிளேட், புட்டி வைத்து எடுக்கும் நீள் தட்டம், டேப் சுருள், போர்ட் வெட்டும் கத்தி, சிறு வாள், திருகாணி முடுக்கி, அரத்தாள் கட்டை, தூசு முகக்கவசம், ஒரு துணி ஆகியவையும் சேர்கின்றன. என் கையிருப்பு முழுவதையும் தராசில் வைத்தபோது மூன்று கிலோவுக்குக் கிட்ட வந்தது.

இந்த வரிசையில் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். எந்த ஒரு நாளிலும் கையில் மாறி மாறி ஏறி இறங்குபவை இரண்டு அல்லது மூன்று கருவிகளே ஆகும். ஏனையவை அருகில் இருந்தால் போதும். ஆகவே எல்லாவற்றையும் எப்போதும் உடலோடு சுமக்கும் வடிவமும், எல்லாவற்றையும் எப்போதும் தரையில் வைத்திருக்கும் வடிவமும் இந்த வேலையின் போக்கோடு முழுமையாக ஒத்துப்போவதில்லை.

எந்த அளவுகோல்களால் ஒப்பிடுகிறேன்?

முதலாவது, கருவி உலருமா என்பது. நான் இதை எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பதற்குக் காரணம் நம் ஊரின் கடற்காற்று. ஒரு முறை, உப்புவெளிப் பக்கத்து விடுதி ஒன்றில் மாரி தொடங்கியிருந்த நாட்களில் சீலிங் வேலை செய்தபோது, அழகாகத் தைத்த, சிப் வைத்த ரெக்சின் பை ஒன்றில் கருவிகளைப் போட்டு மூடிவிட்டு வீடு சென்றேன். தொடர்ந்து மழை பெய்ததால் இரண்டு நாள் கழித்துத்தான் பையைத் திறந்தேன். உருக்கு பிளேட்டுகள் செம்மண் நிறத்தில் இருந்தன. தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் மூன்றாம் தடவைப் பூச்சைத் தொடங்கினேன் என்றாலும், கைபிடியோடு தகடு சேரும் இடுக்கில் மிஞ்சியிருந்த துரு புட்டியில் கலந்து, வெண்ணிறச் சீலிங்கில் நீளமான செம்பழுப்புக் கோடுகளை இழுத்துவிட்டது. அந்த அறை முழுவதையும் மறுபடி பூச வேண்டியிருந்தது. ஈரமான ஜிப்சமும் கடல் உப்பும் சேர்ந்தால் உருக்கை விரைவாக அரிக்கும். ஸ்டெயின்லெஸ் பிளேட்டும் கடலோரத்தில் தேநீர்க் கறை போன்ற பழுப்புப் புள்ளிகளிலிருந்து முற்றாகத் தப்புவதில்லை. மூடிய பையும் மூடிய பெட்டியும் கழுவிய கருவியின் ஈரத்தைச் சேமித்து வைக்கும் பாத்திரங்களாகிவிடுகின்றன.

இரண்டாவது, பிளேட்டின் விளிம்பு. விளிம்பில் ஒரு சிறு பல் விழுந்தாலும் அது ஒவ்வொரு இழுப்பிலும் புட்டியில் ஒரு கோடாகப் பதியும். 12 அங்குல பிளேட்டின் மூலை சற்றே வளைந்தாலும் மட்டம் தவறும். திருகாணி முடுக்கியும் பிளேட்டும் ஒரே அறையில் குலுங்கிக்கொண்டு போகும் தாங்கி, எவ்வளவு மலிவாக இருந்தாலும், பிளேட்டின் விலையில் தன் செலவைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது, பார்க்காமல் கை நீட்டினால் கருவி கிடைக்கிறதா, அதற்காக ஏணியிலிருந்தோ சாரத்திலிருந்தோ எத்தனை முறை இறங்க வேண்டியிருக்கிறது என்பது. நான்காவது, வீட்டிலிருந்து வேலைத்தலத்துக்குப் போகும் வழி: மோட்டார் சைக்கிளா, பேருந்தா, முச்சக்கர வண்டியா? ஐந்தாவது, தாங்கியையே கழுவ முடியுமா என்பது. தண்ணீர் கலந்து இறுகும் தூள் புட்டியைப் பயன்படுத்துவோர் இதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தட்டத்திலோ பிளேட்டிலோ ஒட்டிக்கொண்டிருக்கும் இறுகிய துணுக்குகள் புதிய கலவையில் விழுந்தால், அது நேரத்துக்கு முன்பே இறுகத் தொடங்கிவிடும். தாங்கியின் மூலைகளில் தங்கும் துணுக்குகளும் பிளேட்டில் ஒட்டிக்கொண்டு அதே வேலையைத்தான் செய்கின்றன.

சக்கரம் வைத்த தள்ளுவண்டியை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. வெட்டிய போர்ட் துண்டுகளும் கம்பிகளும் கிடக்கும் தரையில் அது உருளாது.

ஒன்று: இடுப்புப் பட்டி

தச்சு வேலை செய்வோரிடம் பழகிய கண்ணுக்கு முதலில் தோன்றுவது இடுப்புப் பட்டிதான். கை எட்டும் தூரம் என்ற ஒரே அளவுகோலில் இதை எதுவும் வெல்ல முடியாது. ஏணியின் மேல் நிற்கும்போது ஒரு கை ஏணியைப் பற்றியிருக்க, மறு கை 6 அங்குல பிளேட்டை எடுக்கவும் வைக்கவும் முடிகிறது.

ஆனால் 10, 12 அங்குல பிளேட்டுகள் இடுப்பில் பொருந்துவதில்லை. அவை குனியும்போது தொடையிலும், திரும்பும்போது சுவரிலும் இடிக்கின்றன. இப்போதுதான் பூசி முடித்த மூலையில் ஒரு கீறல் விழுந்தால், அந்த இடத்தில் அன்றைய உழைப்பு போய்விடும். மூன்று கிலோவையும் இடுப்பில் மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி நாள் முழுவதும் சீலிங் பூசுபவரின் முதுகு மாலையில் என்ன சொல்லும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மறைந்திருக்கும் இன்னொரு செலவு தோல். தோல் உறை வியர்வையையும் உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொள்வதால், பிளேட் அதற்குள் இருக்கும் நேரமெல்லாம் ஈரத்தில் இருக்கிறது. முச்சக்கர வண்டி இருக்கை தைக்கும் குஷன் கடையில் கொடுத்து, தடித்த படங்குத் துணியில் அடிப்பக்கம் திறந்த உறையாகத் தைத்துக்கொண்டால் இந்தக் குறையின் பெரும்பகுதி நீங்கும்.

முதல் தடவை டேப் ஒட்டும் நாளிலும், ஏணியிலேயே நின்று முடிக்கும் சிறு வேலையிலும் இதுவே நல்லது. அப்போதும் 6 அங்குல பிளேட், கத்தி, டேப் சுருள் ஆகிய மூன்றுக்கு மேல் அதில் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு: வாளியும் சுற்றுப் பையும்

வெறுமையான 20 லீற்றர் பெயின்ற் வாளியின் வெளிப்புறத்தைச் சுற்றிப் பைகள் தைத்த படங்குத் துணியைக் கட்டுவது இந்த முறை. வாளி எந்தத் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கும். தண்ணீர் கொண்டுவரவும், கருவி கழுவவும், வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் உள்ளே போட்டு எடுத்துச் செல்லவும் ஒரே பொருள் உதவுகிறது. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் புட்டி தட்டத்தின் ஓரத்திலேயே காய்ந்து ஆடை கட்டும்போது, நனைத்த துணியும் கொஞ்சம் தண்ணீரும் கையருகே இருப்பது பெரிய வசதி.

இதன் முதல் குறை அளவில் இருக்கிறது. அத்தகைய வாளியின் உள்வாய் பெரும்பாலும் 28 முதல் 29 சென்ரிமீற்றர்தான் வரும். 12 அங்குலம் என்பது 30.5 சென்ரிமீற்றர். ஆகவே மூன்றாம் தடவைக்கு இன்றியமையாத பிளேட் வாளிக்குள் நேராக இறங்காது. சரித்து வைத்தால் அதன் மூலை வாளிச் சுவரில் உரசி நிற்கும். வெளிப் பையில் வைத்தாலோ இருபுறமும் நீட்டிக்கொண்டு, கடந்து செல்பவரின் காலைத் தேடும்.

இரண்டாவது குறை பழக்கத்தில் இருக்கிறது. வாளி இருந்தால் அதில் தண்ணீர் இருக்கும். தண்ணீர் இருந்தால் பிளேட்டை அதிலேயே ஊறவிட்டு மதிய உணவுக்குப் போகும் எண்ணம் வரும். நானும் போயிருக்கிறேன், திரும்பி வந்து பார்த்தபோது வாளியின் அடியில் இறுகிய புட்டி பிளேட்டைக் கவ்விக்கொண்டிருந்தது. அந்த நீரைக் குளியலறைக் குழாயில் ஊற்றிவிடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புட்டி அடியில் படிந்து தெளியவிட்டு, மேல் நீரை வெளியே மண்ணில் ஊற்றி, மண்டியைக் குப்பையோடு அகற்ற வேண்டும். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்று சீலிங்கை எட்டுவோரையும் பார்த்திருக்கிறேன். வாளி அதற்கானது அன்று.

மூதூர்த் தம்பிக்கு நான் சொன்னது இதைத்தான். கிண்ணியா வழியாகப் பேருந்தில் வந்து, ஒரு வீட்டில் இரண்டு மணி நேரம், இன்னொரு வீட்டில் ஒரு மணி நேரம் என்று வெடிப்பு அடைப்பவருக்கு 12 அங்குல பிளேட் அரிதாகவே தேவைப்படும். காலுக்கிடையில் வைத்துக்கொள்ளக்கூடிய, மூடி உள்ள வாளி பேருந்துக்குப் பொருத்தமானது. ஆனால் வீடு சேர்ந்ததும் கருவிகளை வெளியே எடுத்துக் காற்றில் தொங்கவிடுவதை அவர் ஒரு நாளும் தவறவிடக் கூடாது.

மூன்று: ஒட்டுப்பலகைத் திறந்த பெட்டி

மேற்பகுதி திறந்த, நடுவில் கைபிடி உள்ள மரப்பெட்டி பழைய ஓடாவிமாரிடம் (தச்சர்களிடம்) இருந்ததுதான். அதில் நான் செய்யும் மாற்றம் ஒன்றே: ஒரு பக்கத்தின் மேல், நீளவாட்டில் வெட்டுகள் உள்ள ஒரு பலகையைப் பொருத்துகிறேன். கைபிடி மேலே இருக்க, பிளேட்டின் தகடு வெட்டின் வழியே கீழே தொங்குகிறது. தகடு எதையும் தொடுவதில்லை. விளிம்பு பலகையிலும் உரசுவதில்லை. அடிப்பலகையில் இட்ட துளைகளின் வழியே நீர் வடிந்துவிடுகிறது. உலர்தல், விளிம்பு, கழுவுதல் ஆகிய மூன்று அளவுகோல்களையும் இந்த ஒரு பலகை சேர்த்தே நிறைவு செய்வதால்தான், நான்கில் ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால் இதையே காட்டுகிறேன்.

செலவு எங்கே மறைந்திருக்கிறது என்றால், எடையிலும் விளிம்புகளிலும். 9 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையில் 45 சென்ரிமீற்றர் நீளமும் 25 சென்ரிமீற்றர் அகலமும் உயரமும் உள்ள பெட்டி, கருவி எதுவும் இல்லாமலே ஏறத்தாழ இரண்டரைக் கிலோ வரும். அதாவது சுமையின் பாதி பெட்டியே. மேலும் ஒட்டுப்பலகையின் வெட்டிய ஓரங்கள் ஈரத்தைக் குடித்து அடுக்கடுக்காகப் பிரியும். நம் ஊரில் பைபர் படகு செய்யும் இடங்களில் மிஞ்சும் பிசினைக் கேட்டு வாங்கி ஓரங்களிலும் துளைகளிலும் இரண்டு தடவை பூசினால் பெட்டி பல மாரிகளைத் தாங்கும். சாதாரண இரும்பு ஆணியைத் தவிர்த்து ஸ்டெயின்லெஸ் அல்லது பித்தளைத் திருகாணி போட வேண்டும். ஆணி துருப்பிடித்தால் அந்தக் கறையும் கடைசியில் புட்டியைத்தான் வந்து சேரும்.

மோட்டார் சைக்கிளில் போவோர் பெட்டியைப் பின் இருக்கையில் இறப்பர்ப் பட்டியால் கட்டும்போது, தகடுகளுக்கு மேல் ஒரு படங்குத் துண்டைப் போர்த்திக் கட்ட வேண்டும். தளத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றிவிட வேண்டும்.

நான்கு: சாரத்தில் தொங்கும் பலகை

நிலாவெளி வேலைக்காரருக்குப் பெட்டி மட்டும் போதாது. சாரத்தின் மேற்பலகையில் பெட்டியை வைத்தால் கால் வைக்க இடம் குறையும். கீழே வைத்தால் ஒவ்வொரு பிளேட்டுக்கும் இறங்க வேண்டும். இவருக்கு 60 சென்ரிமீற்றர் நீளமுள்ள, வெட்டுகள் கொண்ட ஒரு பலகையும், அதைச் சாரத்தின் குறுக்குக் குழாயில் மாட்ட வளைத்த இரண்டு கம்பிக் கொளுக்கிகளும் தேவை. கருவிகள் இடுப்பு உயரத்தில் வரிசையாகத் தொங்கும்; கடற்காற்று நாள் முழுவதும் அவற்றை உலர்த்தும். எடை மிகக் குறைவு, மிஞ்சிய துண்டுப் பலகையிலேயே செய்துவிடலாம்.

இதன் ஆபத்து விழுவது. உயரத்திலிருந்து விழும் 12 அங்குலத் தகடு கீழே நிற்பவரின் தலையையோ தோளையோ வெட்டக்கூடும். பலகையை இரண்டு கொளுக்கிகளில் மாட்டியதோடு விடாமல், நைலோன் கயிற்றால் குழாயோடு கட்டியும் வைக்க வேண்டும். வெட்டுகள் பலகையின் ஓரத்தில் திறந்திராமல் நான்கு புறமும் மூடியவையாக இருக்க வேண்டும். சாரத்தை நகர்த்தும்போது கருவிகளை எடுத்துவிட்டே நகர்த்த வேண்டும். இந்த மூன்றையும் கடைப்பிடிக்காத குழுவுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சாரம் இல்லாத வேலைத்தலத்தில் இது பயனற்ற பலகைத் துண்டு என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | இடுப்புப் பட்டி | வாளியும் பையும் | திறந்த பெட்டி | தொங்கும் பலகை |
|---|---|---|---|---|
| உலர்தல் | தோலானால் மோசம். அடி திறந்த படங்கானால் பரவாயில்லை | மோசம் | நன்று | மிக நன்று |
| விளிம்புப் பாதுகாப்பு | நடுத்தரம் | குறைவு | மிக நன்று | நன்று |
| 12 அங்குல பிளேட் | பொருந்தாது | உள்ளே இறங்காது | பொருந்தும் | பொருந்தும் |
| கை எட்டுதல் | மிக நன்று | தரையில் மட்டும் | தரையில் மட்டும் | சாரத்தில் மிக நன்று |
| பயணம் | எளிது | பேருந்துக்கு நன்று | மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி | தனியே கொண்டுபோவது கடினம் |
| கழுவுதல் | கடினம் | வாளி எளிது, பை கடினம் | எளிது | மிக எளிது |
| மறைந்த செலவு | முதுகு, கீறல் | இறுகிய மண்டி, துரு | எடை, ஓரப் பூச்சு | விழும் ஆபத்து |

பெட்டியையும் பலகையையும் ஒன்றாக்குதல்

மூன்றையும் நான்கையும் தனித்தனியாகச் செய்து பயன்படுத்திய பிறகு, இப்போது என் பெட்டியில் வெட்டுப் பலகையை ஆணியடித்துப் பொருத்துவதில்லை. பெட்டியின் இரு முனைப் பலகைகளிலும் உட்புறமாக ஒரு சிறு தாங்குகட்டை அடித்து, வெட்டுப் பலகையை அதன் மேல் வைத்து, இருபுறமும் ஒரு திருகாணியால் மட்டும் பிடித்திருக்கிறேன். சாரம் உள்ள நாளில் அதைக் கழற்றிக் கொளுக்கிகளில் மாட்டுகிறேன். இல்லாத நாளில் அது பெட்டியிலேயே இருக்கிறது. நிலாவெளி வேலைக்காரருக்கு நான் சொன்ன பதில் இதுவே. சுற்றுலாப் பருவம் தொடங்குமுன் விடுதிகள் தம் வேலைகளை முடிக்க அவசரப்படும் மாதங்களில், சாரத்துக்கும் தரைக்கும் இடையே குறையும் ஒவ்வோர் இறக்கமும் அவருக்கு மிச்சம்.

செய்ய விரும்புவோருக்கு அளவுகளைத் தருகிறேன். வெட்டுகளின் நீளம் பிளேட்டின் அகலத்தைவிட ஒரு சென்ரிமீற்றர் கூடுதலாக இருக்கட்டும்: 6 அங்குலத்துக்கு 16.2, 8 அங்குலத்துக்கு 21.3, 10 அங்குலத்துக்கு 26.4, 12 அங்குலத்துக்கு 31.5 சென்ரிமீற்றர். வெட்டின் அகலம் 4 மில்லிமீற்றர் போதும். தகடு எளிதாக இறங்கும், அதைவிடத் தடித்த கைபிடியோ முதுகுப் பட்டையோ (தகட்டின் மேல் ஓரத்தில் உள்ள தடித்த பட்டை) தடுத்து நிற்கும். பெட்டிக்குள் வெட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அமைக்கும்போது இடையே 4 சென்ரிமீற்றராவது விட வேண்டும், இல்லாவிட்டால் கைபிடிகள் ஒன்றோடொன்று முட்டி விரல் நுழையாது. வெட்டுப் பலகைக்கும் பெட்டியின் அடிக்கும் இடையே 13 சென்ரிமீற்றர் வெறுமை இருந்தால், நீளத் தகடு கொண்ட 6 அங்குல பிளேட்டும் அடியைத் தொடாது. தொங்கவிடும் 60 சென்ரிமீற்றர்ப் பலகையைத் தனியாகச் செய்வோர் இரண்டு வரிசையாக வெட்டிக்கொள்ளலாம். என்னுடையதைப் போல் பெட்டியில் பொருத்துவோர் பெட்டியின் உள்நீளத்துக்கே, அதாவது 43 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே, பலகையை வெட்ட வேண்டும். 25 சென்ரிமீற்றர் அகலத்தில் நான்கு வெட்டுகளும் அமைந்த பின் எஞ்சும் இடத்தில் நீள் தட்டம் நிமிர்ந்து நிற்கும்.

பலகையை வாளால் தொடுவதற்கு முன், உங்கள் கையில் உண்மையாக உள்ள பிளேட்டுகளை அதன் மேல் வைத்துப் பென்சிலால் கோடு இட்டுப் பாருங்கள். நான் தந்த அளவுகள் என் கருவிகளுக்குரியவை; கைபிடியின் தடிப்பும் முதுகுப் பட்டையின் வடிவமும் கடைக்குக் கடை மாறுகின்றன. முதல் வெட்டை 6 அங்குல பிளேட்டுக்கு வெட்டி, தகட்டை இறக்கி, பலகையைத் தூக்கி நன்றாகக் குலுக்குங்கள். அது நகராமல் நின்றால் மற்ற மூன்றையும் வெட்டலாம்.